டிசம்பரில் ஊட்டி: பறவை பார்க்க எங்கே போகலாம்?

மரங்கொத்தி:
வணக்கம். டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு ஊட்டி வருகிறோம். போட் ஹவுஸும் தொட்டபெட்டாவும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், எனக்கும் எட்டாவது படிக்கும் மகளுக்கும் இரண்டு காலைப்பொழுது பறவைக்கென்றே வேண்டும். சமவெளியில் கிடைக்காததைத்தான் தேடுகிறோம். முதுமலைக்கு இறங்குவதா, மேலேயே இருப்பதா? கொடைக்கானல் போனாலும் இதே பறவைகள்தானே?

குன்னூர்க்காரன்:
முதுமலை வேண்டாம் சார், அது கீழே, வேறு மாதிரிக் காடு. ஒரு காலை கோத்தகிரி லாங்வுட் சோலை, இன்னொரு காலை ஊட்டி கேர்ன்ஹில் காடு. லாங்வுட் மொத்தமே 116 ஹெக்டேர் போலத்தான், ஊரை ஒட்டியே இருக்கிறது, வனத்துறையிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள். உள்ளே நடந்துகொண்டே இருந்தால் ஒன்றும் தென்படாது. பாதையோரம் பேசாமல் நின்றால் சருகில் தத்தித் தத்தி ஒன்று வரும்: கருநீல உடம்பு, செங்கல் நிற வயிறு, கண்ணுக்கு மேல் வெள்ளைக் கீற்று. நீலகிரி சோலைக்கிளி அதுதான், பேரில்தான் கிளி, நிஜத்தில் கிளி இல்லை. மேலே கிளையில் படபடவென்று இறக்கைச் சத்தம் கேட்டால் நீலகிரிக் காட்டுப்புறாவா பாருங்கள், பிடரியில் சதுரங்கக் கட்டம் போட்டிருக்கும்.

பழனிமலையான்:
கொடைக்கானலிலும் அதே பறவை என்பது பாதிதான் சரி. நீலகிரிக்கும் எங்கள் பழனிமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறதே, சுமார் 30 கி.மீ. அகலத்துக்குத் தாழ்ந்த, வெக்கையான நிலம், குளிர்ந்த சோலையை விட்டு இறங்காத பறவை அதை எங்கே தாண்டும்? அதனால் நீலகிரியில் செங்கல் வயிறு, எங்கள் பக்கம் வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. சிரிப்பான் என்ற பறவையும் அப்படித்தான், அங்கே நீலகிரிச் சிரிப்பான், இங்கே பழனிச் சிரிப்பான். (இதற்குக் காட்டுக்குள்கூடப் போக வேண்டாம், வீட்டுத் தோட்டத்திலேயே கத்திக்கொண்டிருக்கும்.) காட்டுப்புறா, கறுப்பும் ஆரஞ்சுமான ஈப்பிடிப்பான் எல்லாம் இரண்டு பக்கமும் உண்டு.

மரங்கொத்தி:
அட, அப்படியா! சரி, இந்த முறை ஊட்டியே இருக்கட்டும். காலை ஆறு மணிக்கே போய் நிற்க வேண்டுமா? போனில் பறவைக் குரல் போட்டால் பக்கத்தில் வரும் என்கிறார்களே?

குன்னூர்க்காரன்:
ஆறு மணிக்கு உறைபனியைத்தான் பார்க்கலாம். வெயில் மரத்தில் விழுந்தால்தான் பூச்சி பறக்கும், பூச்சி பறந்தால்தான் ஈப்பிடிப்பான் வெளியே வரும். குரல் மட்டும் போடவே போடாதீர்கள், தன் எல்லைக்குள் இன்னொன்று புகுந்துவிட்டதென்று இரை தேடுவதை விட்டுவிட்டு அது அலையும். அப்புறம், காஷ்மீர் ஈப்பிடிப்பான் குளிர்காலத்துக்கு இங்கேயும் வரும், தொண்டை சிவந்து அதைச் சுற்றிக் கறுப்பு ஓரம் இருந்தால் ஆண். மகளிடம் சொல்லிவையுங்கள்.

தேயிலைப்பூ:
சொந்தக் கார் என்றால் இ-பாஸ் (நீலகிரிக்குள் நுழைய இணையத்தில் வாங்கும் அனுமதி) எடுத்துவிடுங்கள், காசு கிடையாது. அரசுப் பேருந்துக்கு அது தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மாவட்டத்துக்குள்ளேயே கூடாது, எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள். கோத்தகிரியில் குறுக்குவழி என்று யார் சொன்னாலும் தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்காதீர்கள், காட்டுமாடு படுத்திருந்தால் கிட்டே போகும்வரை தெரியவே தெரியாது.