நீல டிக் வந்தும் பதில் இல்லை என்றால் பதறுகிறேன்: வீட்டில் எப்படிச் சொல்வது?

பல்லடத்துக்காரி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. போன வாரம் மேனேஜருக்கு சாம்பிள் படம் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. ஏழு மணிக்குள் ராஜினாமாக் கடிதமே எழுதிவிட்டேன். காலையில் அவர், "நல்லா இருக்குதுங்க, பையருக்கு (வாங்குற கம்பெனிக்கு) அனுப்பிருங்க" என்கிறார்! இதற்கு நிராகரிப்பு உணர்திறன் என்று பெயராம். வீட்டில் சொல்லி ஒத்தாசை கேட்கலாமா?

சோமனூர் தறிக்காரர்: ஏனம்மணி, இதற்கெல்லாம் பெயர் வேறா? நான் கூலிக்குத் தறி ஓட்டுகிறேன். துணியில் குறை இருந்தால் முகத்துக்கு நேரே தள்ளிவிட்டுக் கூலியும் பிடிப்பார்கள். உட்கார்ந்து அழவா முடியும்? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வீட்டில் ஒருவர் சும்மா இருக்கக்கூட பயப்பட வேண்டும்.

நொய்யல்கரை: பெயர் இருந்தால் நோய் என்று ஆகிவிடுமாங்க? மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம் பட்டியலில் இது தனி நோயாக இல்லை. 1996இல் டௌனி, ஃபெல்ட்மேன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் எழுதியது இதுதான்: ஒதுக்கிவிடுவார்களோ என்று பதறி எதிர்பார்ப்பது, சின்ன விஷயத்திலும் அதைக் கண்டுவிடுவது, கண்டதும் அளவுமீறிக் கொதிப்பது. ஏடிஹெச்டி (கவனம் சிதறுவது, அதிகத் துறுதுறுப்பு) இருக்கிற பலரும் இதைச் சொல்வார்கள்.

சோமனூர் தறிக்காரர்: இல்லாததைக் கண்டால் தப்பு யாருடையது?

பல்லடத்துக்காரி: என்னுடையதாகவே இருக்கட்டுங்க. கண் மங்கியவர் பஸ் நம்பர் கேட்டால் சொல்ல மாட்டீர்களா?

நொய்யல்கரை: நல்லாக் கேட்டீங்க. ஆனால் தறிக்காரர் சொல்வதிலும் கொஞ்சம் இருக்கிறது. நான் என் அக்காவிடம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை "கோபமா?" என்று கேட்பேன். "இல்லை" என்றால் அரைமணி நேரம் நிம்மதி, அப்புறம் மறுபடி கேட்கத் தோன்றும். பாவம், அவள் சலித்துப்போனாள். மனசு கொதிக்கும்போது பேச்சை எடுக்காதீங்க. ஆறின பிறகு ஒன்றே ஒன்று கேளுங்க: "உடனே பேச முடியலைன்னா ‘அப்புறம் பேசறேன்’னு மட்டும் போடுங்க."

சோமனூர் தறிக்காரர்: அந்த ‘அப்புறம்’ வராவிட்டால்? அதற்கு ஒரு ராஜினாமாவா?

பல்லடத்துக்காரி: (இரண்டு நாள் கழித்து) நேற்று சந்தகை பிழியும்போது மாமியாரிடம் சொல்லிவிட்டேன். "அத்தை, நீங்க பேசாம இருந்தா நான் என்னமோ தப்புப் பண்ணிட்டேன்னு நினைச்சுக்கறனுங்க." மாவுக் கையோடு கன்னத்தைப் பிடித்துக் காட்டினார். "நாலு நாளாக் கடவாய்ப் பல்லு வலி கண்ணு. வாயைத் தொறந்தா உசுரு போகுது."

சோமனூர் தறிக்காரர்: கிராம்பு வைக்கச் சொல்லுங்க அம்மணி. மற்றபடி நான் சொன்னது சொன்னதுதான்.