தயிர் பாக்கெட் விவகாரம்: எதைச் சட்டம் என்று எடுத்துக்கொள்வது?

நாலாம்வருஷம்:
2023 மார்ச்சில் தயிர் பாக்கெட்டில் ‘தஹி’ என்று இந்திச் சொல்லை அச்சிடச் சொன்னார்களே, அதைப் பற்றிச் சட்டக் கல்லூரிக்குக் கட்டுரை எழுதுகிறேன். அப்படிச் சொன்ன எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) தளத்தில் ஒழுங்குமுறை, வரைவு, உத்தரவு, அறிவுறுத்தல் எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கின்றன. மூன்று நாளில் அறுபது பிடிஎஃப் இறக்கிவிட்டேன். இவற்றில் எது சட்டம், எது வெறும் கடிதம்? பேராசிரியர் பத்திரிகைச் செய்தியை ஏற்க மாட்டாராம், மூல ஆவணம் வேண்டுமாம்.

கறுப்புக்கோட்டு:
தம்பி, குவியலைத் தட்டுத் தட்டாகப் பிரியுங்கள். மேல் தட்டில் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம். அதன் 91ஆம் பிரிவுப்படி மத்திய அரசு போடுவது விதி; 92ஆம் பிரிவுப்படி மத்திய அரசின் முன் ஒப்புதலோடு ஆணையம் போடுவது ஒழுங்குமுறை. இரண்டும் அரசிதழில் வர வேண்டும், நாடாளுமன்றத்திலும் வைக்கப்பட வேண்டும். ஒழுங்குமுறையை அரசிதழின் 3ஆம் பகுதி, 4ஆம் பிரிவில் தேடுங்கள்.

கடிதமும் அறிவுறுத்தலும் கீழ்த் தட்டு. ‘பொருளை விற்க முன் அனுமதி வாங்கு’ என்று ஆணையம் அறிவுறுத்தலாகவே சொல்லிவந்தது. அதற்குச் சட்ட பலம் இல்லை என்று 2014இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. 2015 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. உங்கள் கட்டுரைக்கு அந்தத் தீர்ப்புதான் கடைகால்.

வரைவில் மட்டும் ஜாக்கிரதை. ஒருமுறை வரைவு அறிவிக்கையை இறுதியானது என்று நம்பி வாதாடினேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து அரசிதழ் நகலை நீட்டினார். நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

ஊறுகாய்அக்கா:
எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். ஸ்டிக்கர் அடித்துக்கொடுத்தவர் 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறையைப் பார்த்து லேபிள் வடிவமைத்துவிட்டார். அதைத்தான் பேக்கேஜிங்குக்கு 2018இல், லேபிளுக்கு 2020இல் என்று தனித்தனியாக மாற்றிவிட்டார்களே! மாற அவகாசம் கொடுத்து, அப்புறம் அதையும் நீட்டித்தார்கள். அரசிதழில் வந்த நாள் ஒன்று, கடைக்காரர் கட்டாயம் பின்பற்ற வேண்டிய நாள் இன்னொன்று. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள் தம்பி. எனக்கு இரண்டு ரோல் ஸ்டிக்கர் குப்பைக்குப் போனது.

நாலாம்வருஷம்:
நன்றி சார், நன்றி அக்கா. வரைவுகளைத் தனியே ஒதுக்கிவிட்டேன். மார்ச் 30 அன்று ‘கர்ட்’ என்று ஆங்கிலத்தில் போட்டு அடைப்புக்குறிக்குள் தஹி, தயிர், மோசரு, பெருகு என எதையும் போடலாம் என்று இறங்கிவந்தார்களே, எனக்குக் கிடைத்தது அதன் பத்திரிகைக் குறிப்பு மட்டும்தான். அதை எந்தத் தட்டில் வைப்பது?

கறுப்புக்கோட்டு:
கீழ்த் தட்டில்தான். பத்திரிகைக் குறிப்பு ஒழுங்குமுறையைத் திருத்த முடியாது. முதலில் வந்த உத்தரவு எந்த ஒழுங்குமுறையின் எந்த வரியைப் பிடித்துக்கொண்டு நின்றது, அந்த வரி 30ஆம் தேதி மாறியதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் உங்கள் கட்டுரை அங்கேதான் தொடங்குகிறது.