பத்து வருசத்துக்கு மேல கொரியன் லவ் டிராமா பாக்குறேன், இப்ப அதையே அக்கா பொண்ணோட ஒக்காந்து பாக்கும்போது மனசு ரெண்டா கெடக்கு

மன்னை மல்லி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெரிய பதிவு, பொறுமையா படிங்க, யார்கிட்டயும் நேர்ல பேச முடியாத விசயம்ங்கறதால இங்க கொட்டுறேன்.

2014-ல கல்யாணம் ஆயி மன்னார்குடிக்கு பக்கத்துல ஒரு கிராமத்துக்கு வந்தேன். நாப்பதாவது நாள் அவரு சிங்கப்பூர் கெளம்பிட்டாரு, வீட்ல நானும் அத்தையும் மாமாவும்தான். ராத்திரி எல்லாரும் சாப்ட்டு முடிச்சி பாத்திரத்த வெளக்கி கவுத்துட்டு, டிவிய சத்தம் கம்மியா வச்சி ஒக்காந்தா புதுயுகத்துல பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ் தமிழ் டப்பிங்ல ஓடும். 25 எபிசோட்ல ஒரு கதை ஆரம்பிச்சி முடிஞ்சி போயிடும்ங்கறதே அப்ப எனக்கு புதுசு, நம்ம சீரியல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சா புள்ள ஸ்கூலுக்கு போற வரைக்கும் ஓடுமே. அதுலேருந்து ஆரம்பிச்சது, சீக்ரெட் கார்டன், காஃபி பிரின்ஸ், கோப்ளின், க்ராஷ் லேண்டிங்னு எதையும் விட்டதில்ல. 2018 கஜா புயல்ல தென்னையெல்லாம் சாஞ்சி கரண்ட்டு இல்லாம கெடந்தப்ப, காசு குடுத்து ஜெனரேட்டர்ல போன் சார்ஜ் ஏத்திட்டு வந்து, எல்லாரும் தூங்குனப்பறம் டவுன்லோட் பண்ணி வச்சிருந்த ஒரு எபிசோட மட்டும் பாத்துட்டு அணைச்சி வைப்பேன். அந்த நாள்ல எனக்கு அது மருந்து மாதிரி.

எனக்கு அதுல புடிச்சது முத்தமோ மழையோ கெடயாது. அங்க ஒருத்தர் மேல ஒருத்தருக்கு பிரியம்னா மொதல்ல கேக்குறது "சாப்டியா"ன்னுதான். எங்க வீட்டுக்காரரு சிங்கப்பூர்லேருந்து போன் பண்ணா மூணு நிமிசம் பேசுவாரு, அதுல "சாப்டியா, அம்மா சாப்டாங்களா"ங்கறத தவிர ஒண்ணும் இருக்காது, எனக்கு வெறுப்பா இருக்கும். அதே வார்த்தைய ஒரு ஹீரோ சொல்லும்போது அந்த பொண்ணு மூஞ்சி மாறுறத பாத்துதான் எனக்கு ஒறைச்சிது, இந்த மனுசனும் இதத்தானே ரெண்டு வருசமா கேட்டுக்கிட்டு இருக்காருன்னு. அதுக்கப்பறம் அந்த மூணு நிமிசம் எனக்கு வேற மாதிரி ஆயிடுச்சி. இத நான் எங்க வேணா சத்தியம் பண்ணி சொல்லுவேன்.

இப்ப பிரச்சனை என்னன்னா, அக்கா பொண்ணு லீவுக்கு வந்துருக்கா, ஒம்பதாவது போறா. சித்தி நீ மொதல்ல பாத்த டிராமாவையே பாப்போம்னு ஒரே அடம். நானும் ஆசையாத்தான் போட்டேன். மொத எபிசோட்லயே ஹீரோ செவப்பு கார்டு வச்சான்னா ஸ்கூலே சேந்து அந்த பிள்ளைய அடிக்கும், ஹீரோயின் ஜன்டி மேல முட்டையும் மாவும் கொட்டுவாங்க, அப்பறம் ஆள வச்சி தூக்கிட்டு போயி மேக்கப் போட்டு விட்டு என் லவ்வரா இருன்னு சொல்லுவான். பாப்பா என்னைய திரும்பி பாத்து, "சித்தி, இவ்ளோ பண்ணியும் இவன்தான் ஹீரோவா"ன்னு கேட்டா. எனக்கு பதில் வரல. நான் அவனுக்காக அழுதவ.

அப்பறம் நெனச்சி பாத்தா இன்னொண்ணு. ஜன்டி நல்லா நீச்சலடிக்கிற பொண்ணு, அவனுக்கு விழுற அடிய இவ வாங்கி தோள்பட்ட போயி நீச்சலையே விடவேண்டி வரும். அதுக்கு அப்ப நான் ஒரு சொட்டு அழுவல. கடைசில அவன் அவள மட்டும் மறந்து போனதுக்குத்தான் விடிய விடிய அழுதேன்.

இதையும் சொல்லிடுறேன். நான் காலேஜ் படிக்கும்போது பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் பேசணும்னு சொல்லி கைய புடிச்சி இழுத்தான், கண்ணாடி வளையல் ஒடஞ்சி மணிக்கட்டுல குத்தி ரத்தம் வந்து, அம்மாகிட்ட கதவுல பட்டுடுச்சின்னு சொன்னேன். தழும்பு இன்னும் மெல்லிசா இருக்கு. அந்த கையாலதான் ரிமோட்ட புடிச்சிக்கிட்டு ஹீரோ கைய புடிச்சி இழுக்குற சீன ரீவைண்டு பண்ணி பண்ணி பாத்துருக்கேன். எப்புடி ரெண்டும் எனக்குள்ளயே இருந்துச்சின்னு புரியல.

விட்டுடலாமான்னு பாத்தா மனசு வரல, பழையபடி ரசிக்கவும் முடியல. உங்கள்ல யாருக்காச்சும் இப்புடி இருக்கா? பாப்பாவுக்கு இத தொடர்ந்து காட்டலாமா, நிறுத்திடலாமா?

---

குடந்தை காபிக்காரன்:

அக்கா, நான் ஆம்பள, கும்பகோணத்துல பாத்திரக்கடைல வேல, கடைய சாத்திட்டு வந்து ராத்திரி பாக்குறவன். உங்க பதிவ ரெண்டு தடவ படிச்சேன்.

க்ராஷ் லேண்டிங்ல அந்த வடகொரியா கேப்டன், அந்த பொண்ணு காபி இல்லாம தவிக்கிறான்னு பச்ச கொட்டைய வாங்கியாந்து பானைல வறுத்து அரைச்சி போட்டு குடுப்பாரு பாருங்க, அந்த எடம் எனக்கு உசுரு. எங்கப்பா அப்புடித்தான், இரும்பு சட்டில பீபெரி காபி கொட்டைய அவரே வறுப்பாரு, அம்மாவ கிட்ட விடமாட்டாரு, கை சுட்டுக்கும்னு. தெருவுக்கே வாசன வரும். அப்பா போனப்பறம் நாங்க தூள் வாங்குறதுதான். அந்த சீன பாத்துட்டு மறுநாளே கால் கிலோ கொட்டை வாங்கியாந்து வறுத்தேன், பாதி கருகி போச்சி, ஆனா அம்மா ஒண்ணும் சொல்லாம ரெண்டு டம்ளர் குடிச்சாங்க.

எனக்கு உறுத்துறது வேற. பாதி கதைல ஹீரோ பெரிய கம்பெனி வாரிசு. சீக்ரெட் கார்டன் ஹீரோவுக்கு டிபார்ட்மெண்ட் ஸ்டோரே சொந்தம். அவன் அம்மா வந்து கவர்ல பணத்த வச்சி "எம்புள்ளைய விட்டுடு"ன்னு சொல்றதும் எல்லாத்துலயும் வரும். எனக்கு வயசு 33, பொண்ணு பாக்க போற எடத்துலல்லாம் சம்பளத்த கேட்டுட்டு காபி டம்ளர எடுத்துட்டு உள்ள போயிடுறாங்க. நான் அந்த கவர் நீட்டுற பக்கமும் இல்ல வாங்குற பக்கமும் இல்ல, என்னைய மாதிரி ஒருத்தன் அந்த கதைல ரெண்டு நிமிசம் டெலிவரி குடுத்துட்டு போவான், அவ்ளோதான். அதனாலயே எனக்கு ரிப்ளை 1988 மட்டும் மனசுல நின்னுது. அதுல வர்ற தெருவுல ராத்திரி சாப்பாட்டு நேரத்துல ஒவ்வொரு வீட்டு புள்ளையும் கிண்ணத்த தூக்கிட்டு எதுத்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஓடும், எல்லா வீட்லயும் எல்லார் கறியும் இருக்கும். எங்க தெருவும் ஒரு காலத்துல அப்புடி இருந்துச்சி. பாப்பாவுக்கு அத காட்டுங்கக்கா.

---

திருவாரூர் தேன்மொழி:

மல்லி அக்கா தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க 2009-ல வந்த ஒரு டிராமாவ வச்சி மொத்தத்தையும் எட போடுறீங்க. அது ஜப்பான் காமிக்ஸ் கதைய எடுத்து பண்ணது, அந்த காலத்து ரசனை. நான் காலேஜ் ரெண்டாவது வருசம், நாங்கல்லாம் பாக்குறது வேற. 2024-ல வந்த குயின் ஆஃப் டியர்ஸ் பாருங்க, பணக்காரி ஹீரோயின், ஹீரோ கிராமத்துக்காரன், அவ வீட்ல முன்னோருக்கு படையல் போடுற நாள்ல சமையல்கட்டுல நின்னு அத்தனையும் சமைக்கிறது மாப்ளைங்க! நம்ம வீட்ல திதி அன்னைக்கி அம்மாவும் பெரியம்மாவும் விடிகாலைலேருந்து அடுப்புல வேகுறாங்களே, மாமா சித்தப்பால்லாம் வெளித்திண்ணைல பேப்பர் படிப்பாங்க. எங்கப்பாவ பக்கத்துல உக்கார வச்சி அந்த எபிசோட காட்டுனேன், ஒண்ணும் பேசல, ஆனா முழுசா பாத்தாரு.

அத எழுதுனதும் க்ராஷ் லேண்டிங் எழுதுனதும் ஒரே ஆளு, பார்க் ஜி-யுன்னு ஒரு அம்மா. பெரிய பெரிய டிராமா எழுதுறவங்கள்ல பாதிக்கு மேல பெண்கள்னு நெனச்சி பாருங்க, நம்ம ஊர் சீரியல் சினிமாவுல அது உண்டா? கைய புடிச்சி இழுக்குறதுலாம் இப்ப அங்கயே திட்டுறாங்க, கொறஞ்சிருக்கு. நிறுத்தாதீங்க, வருசத்த மாத்துங்க.

---

பாபநாசம் டு ஒரகடம்:

நான் ஒரு கொரியன் கம்பெனில ஏழு வருசமா லைன்ல இருக்கேன், தங்கச்சி பாக்க வச்சிதான் நானும் பாக்க ஆரம்பிச்சேன். அம்மாவ ஓம்மாங்கறதும் அப்பாவ அப்பான்னே சொல்றதும் காதுல விழுந்தப்ப நம்ம ஊர்தான்னு தோணிடுச்சி. ஆனா அங்கேருந்து வர்றவங்களோட பேசி பேசி எனக்கு ஒண்ணு புரிஞ்சிது, டிராமால இருக்குற அன்புக்கு அங்க நெசத்துல நேரமே இல்ல. 2023-ல தென்கொரியாவுல ஒரு பொண்ணுக்கு சராசரி 0.72 கொழந்தைங்கற அளவுக்கு எறங்கிடுச்சி, மறு வருசம் கொஞ்சம் ஏறி 0.75. காரணம் கேட்டா வீட்டு வெல, வேல நேரம், புள்ளைங்க டியூஷன் செலவு, கல்யாணம் பண்ணா வேல போயிடும்ங்கற பொண்ணுங்க பயம், இதத்தான் சொல்றாங்க. ஆம்பள பசங்க வாலிப வயசுல கொறஞ்சது பதினெட்டு மாசம் ராணுவத்துக்கு போயே ஆகணும். நம்ம ஊர்ல ஒத்திக்கு வீடு புடிக்கிற மாதிரியே அங்க ஜோன்சேன்னு ஒண்ணு இருக்கு, மொத்தமா ஒரு பெரிய தொகைய குடுத்துட்டு மாச வாடகை இல்லாம இருந்துட்டு காலி பண்ணும்போது திரும்ப வாங்கிக்கிறது. அந்த தொகைய சேக்க முடியாமத்தான் பாதி பேரு கல்யாணத்தையே தள்ளி போடுறான்.

பிகாஸ் திஸ் இஸ் மை ஃபர்ஸ்ட் லைஃப்னு 2017-ல ஒண்ணு வந்துச்சி, இருக்க எடம் இல்லாத ஒரு பொண்ணும், வீட்டுக் கடன் கட்ட வாடகைக்கு ஆள் தேடுற ஒரு பையனும் ஒப்பந்தம் போட்டு கல்யாணம் பண்ணிக்குவாங்க. எங்க லைன்ல இருந்த ஒரு கொரியன் சாருகிட்ட கேட்டேன், சார் உங்க ஊர்ல இப்புடியா லவ் பண்ணுவாங்கன்னு. கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, எனக்கு வீட்ல பொண்ணு ஒண்ணு இருக்கு, அவ தூங்குனப்பறம்தான் இத்தன வருசமும் வீட்டுக்கு போயிருக்கேன்னு மட்டும் சொன்னாரு. அதுக்கப்பறம் நான் டிராமாவ பாக்குறதே மாறிடுச்சி. அவங்ககிட்ட இருக்குறத காட்டல, இல்லாதத காட்டுறாங்கன்னு தோணும், அதான் அவ்ளோ ஏக்கமா இருக்கு. அந்த ஏக்கம் பொய்யின்னு நான் சொல்லமாட்டேன். நானும் மாசத்துக்கு ஒரு தடவ சோழன் ரயில்ல ஏறி ஊருக்கு போறவன்தான்.

---

மன்னை மல்லி:

தம்பி, அந்த சாரு சொன்னத படிச்சிட்டு செத்த நேரம் போன கீழ வச்சிட்டேன். எங்க வீட்டுக்காரரும் கஜாவுக்கு அப்பறம் தோப்ப பாக்க ஆளில்லன்னு ஊரோட வந்துட்டாரு, அதுக்கு முன்னாடி நாலு வருசம் போன்லதான் குடும்பம். தேன்மொழி, நீ சொல்றது நெசம்தான்ம்மா, ஆனா எனக்குள்ள ஒக்காந்துருக்குறது அந்த 2009-ஆச்சே. அத எப்புடி மாத்துறதுன்னுதான் கேக்குறேன்.

---

ஐயாறு அம்மாச்சி:

எனக்கு 61 வயசு, திருவையாறு. பேத்திதான் தட்டச்சு சொல்லி குடுத்தா, பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

போன வருசம் மருமவ வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்னு ஒண்ணு போட்டா. 2025 மார்ச்சுல வந்தது, ஜெஜு தீவுல கடல்ல மூழ்கி சங்கு சிப்பி எடுக்குற பொம்பளைங்க ஊரு. அதுல ஒரு எடம். புகுந்த வீட்டுல ஆம்பளைங்களுக்கு ஒரு மேசை, பொம்பளைங்களுக்கு பின்னாடி சின்ன மேசை. அந்த புருசன் பேசாம அப்புடியே ஒடம்ப திருப்பி, ஆம்பளைங்களுக்கு முதுக காட்டிக்கிட்டு பொண்டாட்டிய பாத்து உக்காந்து சாப்புடுவான். சண்ட இல்ல, வசனம் இல்ல. திரும்பி உக்காருவான், அவ்வளவுதான்.

மருமவ அழுதா. எனக்கு அழுக வரல, கோவம் வந்துச்சி. 38 வருசம் நான் இந்த வீட்ல எல்லாருக்கும் பரிமாறிட்டு, எச்ச எலைய எடுத்து, எடத்த மெழுவிட்டு, ஆறிப்போன கொழம்ப ஊத்தி அடுப்படில தனியா உக்காந்து சாப்ட்டேன். சம்பா அறுப்பு நேரத்துல ஆளுங்களுக்கும் சேத்து வடிச்சி போட்டுட்டு மூணு மணிக்கு ரசம் சோறு. அது வழக்கம், அதுல கொறை சொல்ல என்ன இருக்குன்னு இருந்தேன். ஒடம்ப ஒரு சாண் திருப்புனா போதும்னு எனக்கு யாரும் சொல்லல. எங்க வீட்டுக்காரரு கெட்டவரு இல்ல, என்னைய ஒரு வார்த்த வைஞ்சது கெடயாது. அன்னைக்கி அவரும் ஈசிசேருல உக்காந்து பாத்துக்கிட்டுதான் இருந்தாரு. ஒண்ணும் பேசல, எழுந்து போயி தண்ணி குடிச்சிட்டு வந்து படுத்துட்டாரு.

அந்த டிராமாவோட கொரியா பேரு ஜெஜு தீவு பேச்சுல வருதாம், ரொம்ப பாடுபட்டீங்கன்னு அர்த்தமாம். அந்த ஒரு வார்த்தைய நம்ம பக்கம் யாரும் யார்கிட்டயும் வாய்விட்டு சொல்லி நான் கேட்டதில்ல.

மல்லி, நிறுத்தாதம்மா. நல்லது மட்டும் பொறுக்கியும் காட்டாத. அந்த புள்ள கேட்டா பாரு ஒரு கேள்வி, அத நீ 2014-ல கேக்கல, நான் சாவுற வயசுலதான் கேட்டேன். அவ ஒம்பதாவதுலயே கேட்டுட்டா. பக்கத்துல உக்காந்துக்க, அவ கேக்கும்போது எழுந்து போயிடாத. அந்த வளையல் கதையையும் சொல்லு, அம்மாகிட்ட மறைச்சத அவகிட்டயாச்சும் மறைக்காத.

---

மன்னை மல்லி:

அம்மாச்சி, நேத்து ராத்திரி சொல்லிட்டேன். கைய நீட்டி தழும்ப காட்டுனேன், வெரல வச்சி தடவி பாத்தா, அவன் பேரென்ன சித்தின்னு கேட்டா, பேரே தெரியாதுன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

அப்பறம் நாங்க ஜன்டி தோள்ல அடி படுற எபிசோட் வரைக்கும் வந்துட்டோம். அது முடிஞ்சோன, ஒனக்கு நீச்சல் தெரியுமா சித்தின்னா. தெரியும், சின்ன வயசுல பொறந்த ஊர்ல வெண்ணாத்துல கத்துக்கிட்டேன், கல்யாணத்துக்கு அப்பறம் எறங்குனதே இல்லன்னு சொன்னேன். இந்த வருசம் மேட்டூர்ல தண்ணி தெறந்து விட்டு ஆத்துல வந்துச்சின்னா ஆடிப்பெருக்குக்கு வர்றேன், படித்துறைல வச்சி எனக்கு கத்து குடுன்னு இப்பவே சொல்லி வச்சிருக்கா. அவங்க அம்மாகிட்ட நீதான் பர்மிஷன் வாங்கணும்ங்கறா. அக்காவுக்கு இன்னிக்கி போன் பண்ணணும்.