அணுமின் நிலைய அவசரகால ஒத்திகையில் நீங்கள் கண்டது என்ன?

தேரிமணல்:

நிலையத்தின் பெயரையும் ஆண்டையும் தவிர்த்துவிடுகிறேன். கல்லூரியிலிருந்து பார்வையாளர்களாகச் சென்றவர்களில் நானும் ஒருவன். எனக்கு ஒதுக்கப்பட்டது பள்ளி மைதானம். ஊர் மக்களைக் கூட்டி வந்து பேருந்தில் ஏற்றும் இடம். கையில் கொடுத்த படிவம் முழுவதும் நேரக் கட்டங்கள்தான்: தகவல் எத்தனை மணிக்கு வந்தது, பேருந்து எத்தனை மணிக்கு வந்தது, கதிர்வீச்சு அளக்கும் குழு எத்தனை மணிக்கு இறங்கியது.

முதல் பேருந்து நிரம்பிக்கொண்டிருந்தபோது, பின் தெருவிலிருந்து ஒரு பெண் இடுப்பில் குழந்தையும் கையில் மஞ்சள் பையுமாக ஓடி வந்தார். குடும்ப அட்டை அந்தப் பையின் வாயில் துருத்திக்கொண்டிருந்தது. படியருகே நின்ற ஊழியர் தம் தாளைப் பார்த்துவிட்டு, "உங்க பேரு லிஸ்ட்ல இல்லையேம்மா, வீட்டுக்குப் போங்க" என்றார். முதல் நாளே தேர்ந்தெடுத்தவர்களை மட்டும் ஏற்ற வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட உத்தரவு, அவர்மீது குற்றமில்லை. அந்தப் பெண்ணுக்கோ நடப்பது ஒத்திகை என்பதே தெரிந்திருக்கவில்லை. "அப்ப எங்களுக்கு எந்த வண்டி?" என்று கேட்டார். அங்கே நின்ற எவரிடமும் அதற்கு விடை இல்லை.

அதை எழுதுவதற்குப் படிவத்தில் இடமும் இல்லை. மாலை ஆய்வுக் கூட்டத்தில், பேருந்து குறித்த நேரத்திற்குள் புறப்பட்டது என்று பதிவாயிற்று. அது உண்மைதான். ஆனால் அந்த ஊரைக் காலி செய்ய முடியுமா என்ற கேள்விக்கு அதை விடையாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒத்திகைகளில் நின்றவர்கள் எழுதுங்கள்.

பழைய வருவாய் ஆய்வாளர்:

தேரிமணல் அவர்களின் வருத்தம் புரிகிறது. முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வட்டம் போட்டு, அதைக் காற்றின் திசைக்கேற்பப் பதினாறு கூறுகளாகப் பிரித்து வைத்திருக்கிறோம். அந்த வட்டத்தில் உள்ள அனைவரையும் ஒத்திகைக்காக இடம்பெயர்க்கச் சொன்னால், ஒத்திகையிலேயே விபத்துகள் நேரும். அமெரிக்காவில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் முழு அளவிலான ஒத்திகையில்கூடப் பொதுமக்கள் பங்கேற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம் நாட்டிலும் நிலையத்திற்கு வெளியே நடக்கும் ஒத்திகை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். முதன்மையாக அங்கே சோதிக்கப்படுவது, நிலையத்திலிருந்து மாவட்ட ஆட்சியருக்கும் அவரிடமிருந்து காவல், சுகாதாரம், போக்குவரத்து, தீயணைப்பு ஆகிய துறைகளுக்கும் செய்தியும் ஆணையும் சரியாகச் செல்கின்றனவா என்பதே. பேருந்து கடைசிக் கட்டம். முதலில் கதவு சன்னல்களை மூடி வீட்டுக்குள் இருக்கச் சொல்வோம். பிறகு அயோடின் மாத்திரை. கதிர்வீச்சின் அளவு வரம்பைத் தாண்டும் என்று கணித்தால் மட்டுமே வெளியேற்றம்.

எனினும் நான் கண்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று, வீட்டுக்குள் சென்று எல்லாவற்றையும் மூடிக்கொள்ளுமாறு அறிவித்துவிட்டுச் சென்றது. சொன்னபடி செய்த வீடுகளில் மின்விசிறியும் தொலைக்காட்சியும் ஓடிக்கொண்டிருந்தன. சிறிது நேரம் கழித்து, மாத்திரை வழங்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டு அதே ஜீப் திரும்பி வந்தபோது, அறிவிப்பை மதித்து உள்ளே இருந்தவர்களுக்கு அது கேட்கவில்லை; மதிக்காமல் டீக்கடை வாசலில் நின்றவர்களுக்கு நன்றாகக் கேட்டது. மாத்திரை வாங்க வந்தவர்களும் அவர்களே. செய்தி சென்றடைந்ததாகத்தான் அன்றைய கணக்கில் இருக்கும்.

கிராமச் செவிலி:

வருவாய் ஆய்வாளர் ஐயா, முதன்மையாகச் சோதிக்கப்படுவது ஆணை செல்லும் வழிதான் என்றீர்கள். அந்த வழியின் கடைசி முனையில் நிற்பவள் நான். ஒத்திகையில் எங்களிடம் கொடுத்தது அயோடின் அல்ல, அதற்குப் பதிலாக வேறு மாத்திரை. வரிசையில் வந்த ஓர் இளம் தாயின் கையில் பச்சிளங்குழந்தை. தொப்புள் காயம்கூட இன்னும் ஆறியிருக்கவில்லை. "இவனுக்கு எவ்வளவு கொடுக்கணும் சிஸ்டர்?" என்றார். வயதுவாரி அளவு அட்டவணை ஆரம்ப சுகாதார நிலையத்தின் கோப்பில் இருந்தது; விநியோக மேசையில் இல்லை. எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த உதவியாளர் பெரியவர்களுக்குரிய முழு மாத்திரையை அவர் கையில் வைத்தார். விநியோகித்த மாத்திரைகளின் எண்ணிக்கையில் அதுவும் ஒன்றாகச் சேர்ந்தது.

ஆகவே இங்கே படிக்கும் பெற்றோர்களுக்காக எழுதுகிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலில் பெரியவர்களுக்கும் பன்னிரண்டு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கும் பொட்டாசியம் அயோடைடு 130 மில்லிகிராம். மூன்று முதல் பன்னிரண்டு வயது வரை 65. ஒரு மாதம் முதல் மூன்று வயது வரை 32. ஒரு மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு 16 மட்டுமே, அதாவது பெரியவர் அளவில் எட்டில் ஒரு பங்கு. பொடித்துப் பாலிலோ நீரிலோ கலந்து கொடுக்கலாம். கதிரியக்க அயோடின் வந்து சேர்வதற்கு முந்தைய 24 மணி நேரத்திற்குள்ளோ, வந்த பின் இரண்டு மணி நேரத்திற்குள்ளோ கொடுத்தால்தான் முழுப் பயன். வந்த பின் எட்டு மணி நேரத்திற்குள் கொடுத்தாலும் ஓரளவு பயன் உண்டு. இது தைராய்டு சுரப்பியை மட்டுமே காக்கும். சீசியம் போன்ற பிற கதிரியக்கப் பொருள்களுக்கு இது மருந்தல்ல. குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோருக்கே முன்னுரிமை. நாற்பதைக் கடந்தவர்களுக்கு இதன் தேவை குறைவு. அதிகாரிகள் சொல்லாமல் எவரும் தாமாக விழுங்கக் கூடாது.

இவ்வளவையும் ஒரே அட்டையில் அச்சிட்டு விநியோக மேசையில் ஒட்டிவிடலாம். ஒத்திகையை மதிப்பிட வருபவர், எத்தனை மாத்திரை தீர்ந்தது என்று எண்ணுவதை விட்டு, வரிசையில் நின்ற தாய்மார்களில் பத்துப் பேரை நிறுத்தி, குழந்தைக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்க வேண்டும்.

ஏஜாக்ஸ் வாசி:

நான் இருப்பது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், பிக்கரிங் அணுமின் நிலையத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள். ஸ்கார்பரோ, பிக்கரிங், ஏஜாக்ஸ் பக்கம் நம்மவர்கள் ஏராளம் என்பதால் பலருக்கு இது நினைவிருக்கும். 2020 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணிக்குச் சற்று முன் மாகாணம் முழுவதும் செல்பேசிகள் அலறின. பிக்கரிங் நிலையத்தில் ஒரு நிகழ்வு பதிவாகியுள்ளது, வழக்கத்திற்கு மாறான கதிரியக்கக் கசிவு எதுவும் இல்லை, உள்ளூர்ச் செய்திகளைக் கவனியுங்கள் என்று இருந்தது. வழக்கமான சோதனை ஒன்றின்போது தவறுதலாகச் சென்ற செய்தி அது. ஆனால் மறுப்புச் செய்தி எங்கள் செல்பேசிக்கு வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடித்தது.

பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ள வீடுகளுக்கு அயோடின் மாத்திரையை முன்கூட்டியே அனுப்பிவைப்பது இங்குள்ள நடைமுறை. எங்களுக்கும் வந்திருந்தது. அதை எங்கே வைத்தோம் என்றுதான் அன்று காலை வீடே தேடியது. என் மனைவி சமையலறை இழுப்பறையைக் கழற்றித் தரையில் கவிழ்த்தார். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் ஏற்கெனவே கம்பளிக் கோட்டை மாட்டி, காலணியும் அணிந்து, கதவருகே நின்று, "எங்கே போறது, சொல்லுங்கோ" என்று கேட்டுக்கொண்டிருந்தார். காரை எடுத்தால் கிழக்கே போவதா மேற்கே போவதா என்று எனக்குத் தெரியவில்லை. அத்தனை ஆண்டுகள் அங்கே குடியிருந்தும் அந்தக் கேள்வியை எவரும் எங்களிடம் கேட்டதில்லை.

அந்தச் செய்திக்குப் பிந்தைய இரண்டு நாட்களில் மட்டும் முப்பதாயிரத்திற்கும் மேற்பட்ட மாத்திரைக் கோரிக்கைகள் குவிந்தன. திட்டமிட்டு நடத்திய எந்த ஒத்திகையும் காட்டாத ஒன்றை அந்தத் தவறு காட்டியது: மாத்திரை வீட்டுக்கு அனுப்பப்பட்டது என்பதும், தேவைப்படும்போது அது வீட்டாரின் கையில் இருக்கிறது என்பதும் வெவ்வேறு. ஆய்வாளர் ஐயா, பொதுமக்களைச் சேர்க்கத் தேவையில்லை என்ற வாதத்தை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

கட்டுப்பாட்டறை:

அணுசக்தித் துறையில் நெடுங்காலம் பணியாற்றியவன். என் அனுபவம் சிறியது. ஓர் ஒத்திகையில் தகவல் தொடர்பு மேசையைப் பார்க்கச் சென்றேன். தொலைபேசி இன்னும் ஒலிக்கவே இல்லை, செய்திப் பதிவேட்டில் அழைப்பு வந்த நேரமும் பெற்றவரின் கையொப்பமும் அழகான எழுத்தில் ஏற்கெனவே இருந்தன. தேரிமணல் குறிப்பிட்ட அந்த நேரக் கட்டங்கள் எப்படி நிரம்புகின்றன என்பதை அன்று அறிந்தேன்.

எவரும் கேட்காவிட்டாலும், மதிப்பீடு எப்படி இருக்க வேண்டும் என்பதை எழுத விரும்புகிறேன். முதலாவது, ஒத்திகையில் ஏதாவது ஒன்று கெட்டுப்போக வேண்டும். எது கெடப்போகிறது என்பது நடத்துபவர்களுக்குத் தெரியக் கூடாது. ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தால் அரசு அதிகாரிகள் கூடி முடிவெடுப்பதற்கென்றே ஓகுமாவில், உலைகளிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டரில், ஒரு மையம் கட்டப்பட்டிருந்தது. 2011 மார்ச்சில் நிலநடுக்கத்தால் மின்சாரமும் தொலைத்தொடர்பும் போயின; கதிரியக்கத் துகள்களைத் தடுக்கும் காற்று வடிகட்டி அங்கே இல்லை; சில நாட்களில் மையத்தையே கைவிட்டு ஃபுகுஷிமா நகரத்திற்குச் சென்றார்கள். வடிகட்டி இல்லாததை 2009-லேயே ஓர் அரசு ஆய்வு சுட்டிக்காட்டியிருந்தது. ஆண்டுதோறும் ஒத்திகை நடந்த நாடு அது. மையம் இயங்காமல் போனால் என்ன செய்வது என்பதை மட்டும் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

இரண்டாவது, நிலையத்தைப் பாதிக்கும் பேரிடர் சாலையையும் பாதிக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பம்பு நிலையத்திற்குள் சுனாமி அலை புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. அதே அலை நிலையத்தின் குடியிருப்புக்குள்ளும் புகுந்து உயிர்களைப் பறித்தது. அப்படிப்பட்ட நாளில் பேருந்தை ஓட்ட வேண்டியவரும் கட்டுப்பாட்டறைக்குப் பணிக்கு வர வேண்டியவரும் தம் குடும்பத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். வெயில் நாளில், சாலைகள் திறந்திருக்க, வேறு எந்த இடரும் இல்லாமல் நடக்கும் ஒத்திகை இதைப் பற்றி நமக்கு எதையும் சொல்லாது.

மூன்றாவது, தாமாக நடக்க முடியாதவர்களிடமிருந்து மதிப்பீட்டைத் தொடங்க வேண்டும். ஃபுகுஷிமாவில் 20 கிலோமீட்டர் வட்டத்திற்குள் இருந்த மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும், மார்ச் மாத முடிவிற்குள் குறைந்தது 60 பேர் இறந்ததாக ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு பதிவுசெய்திருக்கிறது. அவர்களைக் கொன்றது கதிர்வீச்சன்று. மருத்துவரும் மருந்தும் படுக்கையும் இல்லாத இடமாற்றம். ஆகவே, ஒவ்வொரு ஊரிலும் படுக்கையில் இருப்பவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், ஆக்சிஜனை நம்பி இருப்பவர்கள் யார் யார், அவர்களை ஏற்றும் வண்டி எது, இறக்கும் மருத்துவமனை எது, அங்கே அவர்களுக்காகப் படுக்கை ஒதுக்கியிருக்கிறார்களா என்று மதிப்பீட்டாளர் பெயர் பெயராகக் கேட்க வேண்டும். ஆய்வாளர் ஐயா சொன்ன ஆணை வழியும் முக்கியம்தான்; அந்த வழி எங்கே போய் முடிகிறது என்பது அதனினும் முக்கியம்.

இடிகரை:

நான் கடலோர ஊர்க்காரன். நக்கநேரி பற்றி இதுவரை ஒருவரும் எழுதவில்லை. 2012 ஜூனில், கூடங்குளம் முதல் உலையில் எரிபொருள் நிரப்புவதற்கு முன், ஒத்திகை நடந்தது அந்த ஊரில். உச்ச நீதிமன்றம் 2013 மே 6 தீர்ப்பில், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளைச் செயல்படுத்தவும், காவல், தீயணைப்பு, மருத்துவத் துறையினர் உட்பட அனைவருக்கும் பயிற்சி அளிக்கவும் சொன்னது.

இனி என் அனுபவம். இன்னொரு நிலையத்தின் அருகே, உறவினர் ஊரில் தங்கியிருந்தபோது ஒத்திகை நடந்தது. காலை வேளை. ஆண்கள் பலர் கடலில் இருந்தார்கள். கரையிலிருந்து சில கடல்மைல் தாண்டினால் செல்பேசி எடுப்பதில்லை. எல்லாம் முடிந்து, பேருந்துகளும் போன பிறகு, வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. அவை வந்து சேர்ந்த இடம், காலியாக்கப்பட்டதாக அப்போதுதான் அறிவிக்கப்பட்ட அதே கரை. வலையில் சிக்கிய நெத்திலியை உதறிக்கொண்டே என் மாமா, "இன்னைக்கு என்ன ஊர்ல ஒரே வண்டியா நிக்கி?" என்று கேட்டார்.

கட்டுப்பாட்டறை அவர்களும் ஆய்வாளர் ஐயாவும் காற்றின் திசையைப் பற்றி அறிந்தவர்கள். பகலில் காற்று கடலிலிருந்து ஊருக்குள் வீசும். இரவில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். இரவில் விபத்து நேர்ந்தால் கதிரியக்கம் முதலில் போய்ச் சேர்வது வலை விரித்துக் காத்திருப்பவர்களிடம். நீங்கள் சொல்லும் பதினாறு கூறுகளில் ஏறக்குறைய பாதி, கடற்கரை நிலையங்களுக்குக் கடல்மேல்தான் விழும். அங்கே ஊர் இல்லை என்பதற்காக ஆளே இல்லை என்று கணக்கில் விட்டுவிட்டார்களா? எங்கள் ஊரில் கோயில் மணியைத் தொடர்ந்து அடித்தால் சில நிமிடங்களில் முழு ஊரும் முற்றத்தில் நிற்கும். ஜீப்பைவிட அது வேகமானது. அந்த மணியைப் பற்றி எங்கள் பங்குத் தந்தையிடம் இதுவரை எந்த அதிகாரியும் வந்து பேசியதாகத் தெரியவில்லை.

பழைய வருவாய் ஆய்வாளர்:

தம்பி, கடல்மேல் விழும் கூறுகளைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. நான் பார்த்த ஒத்திகைகளில் வள்ளங்களைத் திருப்பி அழைப்பது ஒரு பணியாகச் சேர்க்கப்பட்டதில்லை. மீன்வளத் துறை, கடலோரக் காவல் துறை, இந்தியக் கடலோரக் காவல்படை மூன்றையும் சேர்த்து, கடலில் இருப்பவர்களுக்கு வி.எச்.எஃப். வானொலிக் கருவி வழியாகச் செய்தி சொல்லி, வேறு எந்தக் கரையில் ஏறுவது என்பதையும் முன்பே முடிவுசெய்து, ஓர் இரவு ஒத்திகை நடத்தலாம். அதற்குப் பெரும் செலவு ஆகாது. பொதுமக்கள் முழுமையாகப் பங்கேற்பது கடினம் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் இதையும், செவிலி அம்மா சொன்ன அளவு அட்டையையும் உங்கள் கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி ஆட்சியருக்கு அனுப்புங்கள். தேதியும் வரிசை எண்ணும் உள்ள தீர்மானத்திற்கு அலுவலகத்தில் பதில் எழுதியாக வேண்டும்.

இடிகரை:

நன்றி ஐயா. ஆகஸ்ட் 15 கிராம சபைக்குக் கொண்டுபோகிறோம். தேரிமணல் அவர்களே, ஒத்திகை முடிந்ததும் தயாராகும் மதிப்பீட்டு அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எவரேனும் கேட்டு வாங்கியிருக்கிறார்களா? கேட்பதானால் மனுவை மாவட்ட நிர்வாகத்திற்கு அனுப்புவதா, நிலையத்திற்கு அனுப்புவதா?

தேரிமணல்:

இரண்டுக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். அறிக்கையோடு, பார்வையாளர்கள் நிரப்பிய படிவங்களின் நகல்களையும் ஒத்திகைக்கு முதல் நாள் தயாரித்த பெயர்ப் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள். மனுவின் வரைவை நாளை இங்கே இடுகிறேன். கட்டுப்பாட்டறை அவர்கள் திருத்திக் கொடுத்தால் நல்லது.