ஹரிகேன் பேங்க் சூரைக்கு லீடர் 100 பவுண்டா, 130 பவுண்டா?

தெற்குக்கடல்:
சான் டியாகோ பாயிண்ட் லோமாவில் படகு ஏறி, மெக்சிகோவுக்கு மேற்கே பசிபிக்கில் இருக்கும் ஹரிகேன் பேங்க் என்ற கடலடிப் பார் வரை போகும் 16 நாள் பயணத்துக்கான கேள்வி இது. 2017 நவம்பரில் ரெவியாகிஹெதோ தீவுகளை மெக்சிகோ தேசியப் பூங்காவாக்கி மீன்பிடிப்பை நிறுத்தியபின், 200 பவுண்டு மஞ்சள் துடுப்பு சூரையைத் தேடிப் போகும் படகுகளுக்கு இந்தக் கடலடிப் பார் முக்கியமான இடமாகிவிட்டது. உயிர் மத்தி விடும் ராடில் மெயின் லைன் 130 பவுண்டு தாங்கும் குழல் பிரெய்ட் (உள்ளே குழலாகப் பின்னிய நரம்பு). அதன் முனையில் முள் கட்டும் ஃப்ளோரோகார்பன் நரம்புத் துண்டு, அதாவது லீடர், 100 போதுமா, 130 வேண்டுமா? முள் எந்த அளவு?

சூரைக்காரன்:
130. ரெண்டாவது பேச்சே கிடையாது. அந்தப் பாரில் சுறா அதிகம். சூரை தண்ணியில நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அது சுறாவுக்குப் போட்ட சாப்பாடு. டிராக்னா ரீல் நரம்பைப் பிடிச்சு நிறுத்துற இறுக்கம். 100 நரம்புக்கு 28, 30 பவுண்டு டிராக்தான் தாங்கும். 130க்கு 40 வரைக்கும் போகலாம். அந்த 10 பவுண்டுதான் மீனைச் சீக்கிரம் மேல கொண்டுவரும்.

இறைச்சியையும் நினைச்சுப் பாருங்க. தசையில உண்டாகிற சூட்டை வெளியே விடாம உடம்புக்குள்ளேயே சுத்த வைக்கிற ரத்தக்குழாய்ப் பின்னல் சூரைக்கு இருக்கு. இழுபறி நீள நீள உடம்பு சூடாகும், அமிலம் ஏறும். வெட்டிப் பார்த்தா சதை வெளிறி, தண்ணி விட்டு, புளிப்பு தட்டும். ஜப்பான்காரங்க ‘யாகே’ன்னு ஒதுக்குறது இதைத்தான். அப்புறம் எவ்வளவு ரத்தம் வடிச்சாலும், குளிர்ந்த கடல்நீர்த் தொட்டியில எத்தனை நாள் போட்டாலும் அது தேறாது.

நீவாடு:
நீங்கள் சொல்வது மீன் கடித்த பிறகு வரும் கணக்கு. கடித்தால்தானே அந்தக் கணக்கு? அங்கே கைக்கு வரும் மத்தி பெரும்பாலும் 5, 6 அங்குலம். 130 ஃப்ளோரோகார்பன் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன், கம்பி மாதிரி விறைப்பு. மூக்கில் முள் மாட்டிய மத்தி அதை இழுத்துக்கொண்டு இருபதடி போவதற்குள் களைத்து, படகு ஓரமாகவே வட்டமடிக்கும். சூரை துரத்துவதோ படகை விட்டு விலகி ஆழத்துக்கு ஓடும் மத்தியை. உச்சி வெயிலில், தெளிந்த தண்ணீரில் இந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும்: ஒரே படகின் பின்பக்கத்தில் பக்கத்து ராடுகள் வளைந்துகொண்டிருக்கும், 130 கட்டியவர் மத்தியை மாற்றிக்கொண்டே இருப்பார்.

100 லீடர், 4/0 அல்லது 5/0 தடித்த கம்பி வட்ட முள். மெல்லிய கம்பி முள் வேண்டவே வேண்டாம், 30 பவுண்டு டிராக்கில் நிமிர்ந்துவிடும்.

சூரைக்காரன்:
மத்தி ஓடலைன்னா பாதிப் பழி பிடிக்கிற கைக்கு. காய்ஞ்ச கையால அமுக்கிப் பிடிச்சா செதில் கொட்டி, தண்ணியில விழும்போதே செத்த மாதிரிதான். தொட்டியில மூக்கு சிவக்காத, முதுகு பச்சையா மினுங்குற மத்தியா பார்த்து, நனைஞ்ச கையால எடுக்கணும். செவுள் மூடிக்குப் பின்னாடி இருக்கிற காலர் எலும்புல முள்ளை மாட்டினா கீழ்நோக்கிப் போகும். ரெண்டு மூணு நிமிஷத்துல ஓட்டம் குறைஞ்சா மாத்திடணும். அப்படிச் செஞ்சா 130லயும் ஓடும்.

முடிச்சு:
இருவருமே டிராக்கை நிலையான எண்ணாக வைத்துப் பேசுகிறீர்கள். நரம்பு அறுந்துபோகிற இடமே அதுதான். ஸ்பூல் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை) நிறைந்திருக்கும்போது தராசில் 30 பவுண்டு காட்டுகிற டிராக், நரம்பு ஓடி ஸ்பூல் விட்டம் பாதியாகும்போது 60 காட்டும். டிராக்கைக் கூட்டிக் குறைக்கும் லீவரை யாரும் தொட்டிருக்கத் தேவையில்லை. அதோடு தண்ணீரில் வில்லாக வளைந்து கிடக்கும் நரம்பின் இழுவையும் சேரும். 100 லீடர் அறுவது பெரும்பாலும் இங்கேதான். பிறகு ‘நரம்பு சரியில்லை’ என்று பேச்சு. முதல் ஓட்டத்தில் மீன் ஓட ஓட லீவரைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். திரும்பச் சுற்றி ஸ்பூல் நிறைந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று, 130ஐ முடிச்சாகப் போட்டால் ஒழுங்காக இறுகாது, கிரிம்ப்தான் வழி, அதாவது நரம்பைச் சிறு உலோகக் குழலில் விட்டு அழுத்துவது. அந்தக் குழல், நரம்பின் தடிமனுக்குச் சரியாக இருக்க வேண்டும். இரண்டு ஓரத்தையும் நசுக்காமல் விட்டு நடுவில் மட்டும் அழுத்த வேண்டும். ஓரம் நசுங்கினால் அதுவே கத்தியாகி நரம்பை வெட்டும்.

நீவாடு:
டிராக் விஷயத்தில் முடிச்சு சொல்வது சரி, அதை நான் விட்டுவிட்டேன். விடியற்காலை, அந்தி, காற்று எழுப்பிய அலை இருக்கும் நேரம் ஆகியவற்றில் 130ஐ ஒப்புக்கொள்கிறேன், அப்போது மீன் நரம்பைப் பார்ப்பதில்லை. இரையைக் காத்தாடியில் தொங்கவிடும் ராடில் 200 பவுண்டே கட்டலாம். அங்கே லீடர் தண்ணீருக்கு மேலே தொங்குகிறது, இரை மட்டும்தான் மேற்பரப்பில் துள்ளும். பகலில் மத்தி விடும் ராடில் மட்டும் 100ஐ விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சூரைக்காரன்:
பகல்னா சரி, ஒரு நிபந்தனையோட. சுறா ஒரு மீனைப் பாதியா கடிச்சு அனுப்பிச்சா, அந்த நேரத்திலேருந்து 100ஐக் கழட்டிடணும். அதுக்கப்புறமும் மெல்லிசு நரம்புல மீனை மாட்டுறது, பாதித் தலையைத் தூக்குறதுக்குத்தான்.

முடிச்சு:
கழற்றுவது சுலபமாக இருக்க, கரையிலேயே லீடரைத் தயார் செய்துவிடுங்கள், தெற்குக்கடல். 100இல் ஆறு, 130இல் ஆறு, ஒவ்வொன்றும் 15 முதல் 20 அடி. ஃப்ளோரோகார்பன் முனையைச் சாய்வாக வெட்டி, மணல் தாளில் தேய்த்து, ஒரு குழல் பிரெய்ட் துண்டுக்குள் குறைந்தது இரண்டரை அடி நுழையுங்கள். பிரெய்ட் முடியும் இடத்தில் மெழுகு நூலால் அரை அங்குலம் நெருக்கமாகச் சுற்றிக் கட்டி, ஒரு சொட்டு பசை. அங்கே பசை அதிகமானால் விறைத்து, ராடு வளையத்தில் இடித்து இடித்து அந்த இடமே வெடிக்கும். அந்தப் பிரெய்ட் துண்டின் மறுமுனையில் வளையம் போட்டுவிட்டால், மெயின் லைன் வளையத்தோடு அந்த வளையத்தைக் கோத்து ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் முள்ளுக்கு மேல் மூன்றடியை நகத்தால் வருடிப் பாருங்கள். சூரையின் பல் சிறியது, ஆனால் அரம் மாதிரி அராவும். சொரசொரப்பு தட்டினால் அந்த அளவை வெட்டிவிட்டு முள்ளைப் புதிதாகக் கட்டுங்கள். 130 என்பதால் தாங்கும் என்று விட வேண்டாம்.