ஊட்டிக் குளிர் எங்கே போச்சு? நீலகிரிக்காரர்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

காந்தல்வாசி:
2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி அடித்தது எல்லோருக்கும் தெரியும், அதற்கு முன்னால் 1986இல் வந்த 28.5தான் உச்சம். எனக்கு மறக்காமல் நிற்பது எங்கள் அம்மா. சித்திரையிலும் ஸ்வெட்டரைக் கழற்றாதவர், அன்று மத்தியானம் சிமெண்ட் தரையில் ஈரத்துண்டை விரித்துப் படுத்திருந்தார். ஃபேன் வாங்கி வந்தால் மாட்ட வழியில்லை, கூரையில் கொக்கியே கிடையாது, தாத்தா கட்டிய வீடு. எலக்ட்ரீஷியன் மேலே பார்த்துவிட்டு, "இந்த வாரம் பூரா இதே வேலைதான் சார்" என்றார்.

தலைகுந்தா பையன்:
வெயிலை விடுங்க, உறைபனியைப் பேசுங்க. சின்ன வயதில் நவம்பரிலேயே புல்வெளி வெளுத்துவிடும். இப்போது டிசம்பர் கடைசி, பொங்கல் என்று தள்ளிப்போகிறது. லேட்டாக வந்தால் நல்லதுதானே என்கிறார்கள், தோட்டம் இல்லாதவர்கள். மழை நீண்டுகொண்டே போய், செடி இளங்கொழுந்தோடு நிற்கும்போது ஒரே ராத்திரியில் இறங்குகிறது. போன தடவை மேட்டுத் தேயிலைக்கு ஒன்றுமில்லை, பள்ளத்தில் இருந்தது மத்தியானத்துக்குள் காப்பித்தூள் நிறம். கொழுந்தைக் கிள்ளினால் விரலிலேயே நொறுங்கியது.

கேரட்தோட்டம்:
எங்களுக்கும் ஒரு பாத்தி போச்சு. தம்பி, பள்ளத்துத் தோட்டம் என்றால் கீழ்வரப்பில் இருக்கும் வேலிச்செடியை முதலில் வெட்டிவிடு. குளிர்காற்று தண்ணீர் மாதிரிதான், சரிவில் இறங்கி வந்து அங்கே தேங்கி நிற்கும், வழி விட்டால் போய்விடும். மேகம் இல்லாமல் காற்றும் அசையாத சாயங்காலம் என்றாலே அன்றைக்குப் பனி உண்டு. விடியலில் வெயில் படும் முன்னாலேயே ஸ்பிரிங்ளரைப் போட்டுப் பனியைக் கழுவிவிட வேண்டும், வெயில் ஏறினபிறகு ஊற்றிப் பிரயோஜனமில்லை. இளஞ்செடி என்றால் காய்ந்த புல்லைப் போட்டு மூடு. கருகினதைப் பார்த்ததும் கத்தரிக்கோலோடு இறங்காதே, பனிக்காலம் முடியட்டும், இப்போது கவாத்து செய்தால் வரும் தளிரும் போகும்.

எமரால்டு:
பனி, வெயில் எல்லாம் சரி. 2019 ஆகஸ்ட்டை யாருமே சொல்லவில்லையே? எங்கள் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. சென்னை வருஷம் முழுக்க வாங்குவதில் பாதிக்கும் மேல். எங்களுக்கு ஆடி மழை புதுசில்லை, வாரக்கணக்கில் நசநசவென்று பெய்து துணி காயாது, அவ்வளவுதான். அந்த ராத்திரி மழைச் சத்தத்தையும் மீறி ஓடையில் பாறை உருளும் சத்தம் கேட்டது. கரண்ட் இல்லை. ஒவ்வொரு பாறைக்கும் ஜன்னல் கண்ணாடி அதிரும், நாங்கள் எல்லோரும் செருப்பு போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். இப்போதும் பலத்த மழை என்றால் என் பெண் செருப்பைத் தேடுகிறாள்.

கேத்திக்காரன்:
எமரால்டு அண்ணே, 2009 நவம்பரில் எங்கள் கேத்தியிலும் அதே 82தான். மண்சரிவில் 40 பேருக்கு மேல் போனார்கள். 1993இல் மரப்பாலம் என்ற இடத்தில் சரிவு, அதற்கு முன்னால் 1978, 79இலும். இந்த மலை எப்போதுமே சரிந்த மலை. எதற்கெடுத்தாலும் காலநிலை மாற்றம் என்றால் பள்ளத்தாக்கை வெட்டி வீடு கட்டியவன் தப்பித்துக்கொள்கிறான்.

எமரால்டு:
நான் எங்கே தப்பிக்க விட்டேன்? உங்களுடையது கிழக்குச் சரிவு, வடகிழக்குப் பருவமழை. எங்களுடையது மேற்கு, தென்மேற்கு. இரண்டையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். அவலாஞ்சியைச் சுற்றி இருப்பது காடு, அங்கே யார் வீடு கட்டினார்கள்? அங்கேயும்தான் சரிந்தது.

கேத்திக்காரன்:
காடு என்று எதைச் சொல்கிறீர்கள்? இந்த மலைக்கே உரிய சோலையும் புல்வெளியுமா, அல்லது புல்வெளியை அழித்து நட்ட சீகையும் (வாட்டில்) கற்பூர மரமுமா (யூகலிப்டஸ்)? அதைச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.