புதுப்பிப்பு: குழாய்த் தண்ணீரில் சாக்கடை வாடை

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் குழாயில் சாக்கடை வாடை வருவதாக முன்பு எழுதியிருந்தேன் அல்லவா? காரணம் தெரிந்துவிட்டது. தெருவிலிருந்து சம்ப்புக்கு (நிலத்தடித் தொட்டிக்கு) வரும் பழைய இரும்புக் குழாய் சாக்கடையை ஒட்டியே போகிறது; துருப்பிடித்து ஓட்டை. நம் ஊரில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லையே. விடுவது நின்று அழுத்தம் இறங்கினால், சுற்றியுள்ள கழிவுநீர் ஓட்டை வழியே உள்ளே புகுந்துவிடும். அடுத்த முறை முதலில் வருவது அதுதான்.

கிருமியைக் கொல்லத் தண்ணீரில் கலக்கும் குளோரின் மிஞ்சியிருக்கிறதா என்றும் பார்த்தோம். பக்கத்து வீட்டுத் தண்ணீரில் சோதனை மருந்துச் சொட்டு விட்டதும் மஞ்சளானது; குளோரின் இருந்தால் அப்படித்தான் ஆகும். எங்களுடையதில் நிறமே இல்லை. லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர அளவு.

குழாயை மாற்றியாச்சு, சம்ப்பையும் கழுவியாச்சு. "குடிநீரைச் சுத்திகரிக்க ஆர்ஓ இருக்கே, அப்புறம் என்ன?" என்று கேட்டவர்களுக்கு: பல் தேய்ப்பது எந்தத் தண்ணீரில்?